அப்பாவுக்கு எந்த டேப்?

செல்வி: அப்பாவின் டேப் (டேப்லெட்) கெட்டுப்போய்விட்டது. திரை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நேற்று ராத்திரி வரை படித்துக்கொண்டிருந்தார்.

செல்வி: [படம்]

நிவேதா: சித்தி, அது பேட்டரி உப்பல். சார்ஜில் போடாதீர்கள்!!

செல்வி: போடவில்லை. அணைத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

குமார்: அழுத்தி ஒட்டப் பார்க்காதே செல்வி. லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்துதான் இப்படி உப்பும். குத்துப்பட்டாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும். குப்பையிலும் போடக் கூடாது, மின்கழிவு வாங்குகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

சுமதி: ஐயோ. அப்பா கையில் இருக்கும்போது ஒன்றும் ஆகவில்லையே?

செல்வி: இல்லை அக்கா. காலையில் எடுக்கும்போதுதான் பார்த்தேன்.

ரவி: புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். பணம் நான் அனுப்புகிறேன். பெரியதாகவே வாங்குங்கள். 13 இன்ச்.

சுமதி: போன தடவையும் இதையேதான் சொன்னாய்.

ரவி: அப்பாவுக்கு எழுத்து தெரிய வேண்டாமா?

செல்வி: பெரியண்ணா, அப்பா அதைப் பிடித்துப் படிப்பதை நீங்கள் பார்த்ததில்லை. சாய்வு நாற்காலியில் நெஞ்சின் மேல் நிறுத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் கை இறங்கிவிடும். அப்புறம் மடியில் தலையணை வைத்து அதன் மேல் சாய்ப்பார், கழுத்து குனிந்துவிடும். மூக்கில்கூட விழுந்திருக்கிறது.

ரவி: எனக்கு யாரும் சொல்லவில்லையே.

செல்வி: யார் கேட்டீர்கள்?

மீனா அண்ணி: சரி சரி. இப்போது கேட்கிறோம், சொல் செல்வி. எடை எவ்வளவு இருந்தது?

செல்வி: உறையோடு சமையலறைத் தராசில் வைத்தேன். 960 கிராம்.

நிவேதா: 😳

குமார்: அதுதான் விஷயம். எல்லாரும் இன்ச்சைப் பார்க்கிறோம், முதலில் கிராமைப் பார்க்க வேண்டும். இப்போது விற்கிற 13 இன்ச் ஐபேட் ஏர் சுமார் 617 கிராம். 11 இன்ச் என்றால் எந்த கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே எடைதான்: சாதாரண ஐபேட் 477, சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் 480, டேப் எஸ்9 498. ஐபேட் மினி 293. விளம்பரத்தில் எல்லாம் உறை இல்லாத எடைதான் போடுவார்கள். விசைப்பலகை வைத்த உறை போட்டால் 11 இன்ச்சும் பழைய கனத்துக்கே போய்விடும். 2010ல் வந்த முதல் ஐபேட் 9.7 இன்ச், 680 கிராம். இப்போதைய 13 இன்ச்சே அதைவிட லேசு, உண்மைதான். ஆனால் கையை நீட்டிப் பிடிக்கும்போது கனம் மட்டும் இல்லை, அகலமும் சேர்ந்து மணிக்கட்டை இழுக்கும். பெரிய திரையின் கனம் கையிலிருந்து தள்ளிப் போய் நிற்கிறது இல்லையா, அதனால்தான்.

சித்தப்பா: நல்லது.

சித்தப்பா: [முன்னனுப்பப்பட்டது] டேப் திரையின் நீல ஒளியால் கண் பார்வை போய்விடும்! 60 வயதுக்கு மேல் தொடவே கூடாது! எல்லாருக்கும் பகிரவும்.

மீனா அண்ணி: சித்தப்பா, அதை நம்பாதீர்கள். திரையின் நீல ஒளியால் கண் கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, நீல ஒளிக் கண்ணாடியும் தேவையில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமியே சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் குறைவாகச் சிமிட்டுகிறோம். கண் உலர்ந்து எரிவது அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். மாமாவுக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. அடுத்த கண்ணுக்கு எப்போது என்று முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

சுமதி: அதையும் பேச வேண்டும் அண்ணி.

ரவி: அது தனி விஷயம். முதலில் டேப்.

செல்வி: எல்லாமே தனி விஷயம்தான் 🙂

சித்தப்பா: அண்ணன் பேட்டரி ரேடியோவே கேட்டு வளர்ந்தவர். ரேடியோ இருந்தால் டேப் எதற்கு? அந்த ரேடியோ யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

ரவி: சித்தப்பா, மறுபடியுமா.

குமார்: ரவி, 13 இன்ச் கேட்பது எழுத்துக்காகத்தானே? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா படிப்பது மூன்று வகை. செய்தித்தாள் செயலி, அதில் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், திரை அளவு பிரச்சினையே இல்லை. இரண்டாவது ஸ்கேன் செய்த பழைய நாவல்கள். அவை பெரும்பாலும் டெம்மி, பக்கம் 14க்கு 21.5 சென்டிமீட்டர். 11 இன்ச் திரையில் டெம்மி பக்கம் அச்சில் இருக்கிற அளவிலேயே முழுதாக உட்காரும், துளி பெரிதாகக்கூட. மூன்றாவதுதான் சிக்கல்: ஏ4 பக்கங்கள், மலர்கள், ஆய்வுக் கட்டுரைகள். திரையை அளப்பது போல ஏ4 தாளை மூலைக்கு மூலை அளந்தால் 14.3 இன்ச். அதனால் 13 இன்ச்சில்கூட முழுப் பக்கம் 88 சதவீதமாகத்தான் தெரியும், 11 இன்ச் ஐபேட்டில் 75, மினியில் 55. பத்து பாயிண்ட் எழுத்து 11 இன்ச்சில் ஏழரை ஆகிவிடும். தமிழில் அது கஷ்டம், புள்ளி காணாமல் போய்விடும், க எது க் எது என்று தெரியாது. ஆனால் டேப்பைப் படுக்கையாகத் திருப்பினால் 11 இன்ச் ஐபேட் திரையின் அகலம் 22.6 சென்டிமீட்டர், ஏ4 அகலம் 21. பக்கத்தின் மேல் பாதி அச்சைவிடப் பெரிதாகத் தெரியும். படித்துவிட்டுக் கீழே தள்ளினால் மீதிப் பாதி. இதற்காக இன்னொரு 140 கிராமை அப்பா கையில் ஏற்ற வேண்டுமா?

சுமதி: சின்ன வயசில் கணக்குப் பரீட்சைக்கு இவ்வளவு படித்திருந்தால்...

குமார்: அக்கா 🙏

ரவி: சரி 11. மினி?

குமார்: மினி வேண்டாம். 55 சதவீதம் என்றேனே. பைக்குள் போட்டு வெளியில் எடுத்துப் போகிறவர்களுக்கு அது நல்லது. அப்பா நாற்காலியை விட்டு எங்கே போகிறார்.

நிவேதா: தாத்தா பூங்காவுக்குப் போகிறார் சின்ன மாமா. தினமும்.

குமார்: டேப்போடா?

செல்வி: போனோடு.

சுமதி: கிண்டில் மாதிரி ஒன்று இருக்கிறதே, எழுதவும் செய்யலாமாம். அது கண்ணை உறுத்தாது என்றார்கள்.

நிவேதா: கிண்டில் ஸ்கிரைப்பா? முதலில் வந்தது 10.2 இன்ச், 433 கிராம் அம்மா. மின்மைத் திரை, அச்சடித்த தாள் மாதிரி இருக்கும், வெயிலில்கூட நன்றாகத் தெரியும். ஆனால் கேமரா கிடையாது.

செல்வி: வீடியோவில் பேரன் முகத்தைப் பார்க்காமல் அப்பா இருக்க மாட்டார்.

சுமதி: சரி வேண்டாம்.

ரவி: அப்போது 11ல் எது? விலையில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறதே. எதற்காக?

குமார்: பெரும்பகுதி வேகத்துக்கும் திரைக்கும். வேகம் அப்பாவுக்குத் தேவையில்லை. திரையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த டேப்களில் பலவற்றில் மேல் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கிற காட்சித் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். சாதாரண ஐபேட்டிலும் அப்படித்தான். வெளிச்சம் அங்கேயும் ஒரு தடவை எதிரொளிக்கும். ஏர் மாதிரி டேப்பில் இரண்டையும் ஒன்றாக ஒட்டி, மேலே எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் கொடுத்திருப்பார்கள். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால்தானே ஜன்னல்?

செல்வி: ஆமாம். பழைய டேப்பில் பாதி நேரம் ஜன்னல்தான் தெரியும். அதனால்தான் மத்தியானத்தில் படிப்பதே இல்லை.

மீனா அண்ணி: நாற்காலியைத் திருப்பிப் போட்டால் விலை மிச்சம்.

செல்வி: அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அது அம்மா போட்ட இடம்.

ரவி: திருப்ப வேண்டாம்.

சுமதி: திருப்ப வேண்டாம்.

குமார்: அப்படியானால் ஒட்டிய திரைக்குப் பணம் கொடுக்கலாம், வீண் இல்லை. போன வருஷ மாடல் ஏதாவது விலை குறைந்து கிடைக்கிறதா பார்ப்போம். சிம் போடுகிற மாடல் வேண்டாம், வீட்டில் வைஃபை இருக்கிறது.

அப்பா: [குரல் பதிவு 0:48]

நிவேதா: தாத்தா வந்துவிட்டார்!

ரவி: மீட்டிங்கில் இருக்கிறேன், யாராவது எழுதுங்கள்.

செல்வி: எழுதுகிறேன். "எனக்கு எதற்கு இத்தனை செலவு. எடை, அளவு எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றுதான் வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் தானாகத் திரும்பக் கூடாது. விட்ட இடத்தைத் தேடியே பாதி நேரம் போகிறது."

குமார்: அப்பா இது ரொம்ப முக்கியமான விஷயம்! திரை விளிம்பு வரை போகிற டேப்பில் கட்டை விரலை வைக்க இடமே கிடையாது. வைத்த இடத்தில் தொட்டதாக எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும் என்று எல்லாரும் விளிம்பை மெலிதாக்கிக்கொண்டே போகிறார்கள். அப்பாவுக்குச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் விளிம்பு இருப்பதுதான் நல்ல வடிவமைப்பு. பின்பக்கம் கையை நுழைத்துப் பிடிக்கிற பட்டை வைத்த உறையும் கிடைக்கும், அதில் கட்டை விரல் திரைக்கு வரவே வராது. ஆண்ட்ராய்டில் சில படிப்புச் செயலிகளில் தொட்டுத் திருப்புவதை நிறுத்திவிட்டு ஒலிப் பொத்தானால் பக்கம் திருப்பலாம்.

செல்வி: இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவே இல்லை அப்பா. மறதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா: மறதி இல்லை.

மீனா அண்ணி: ❤️

குமார்: செல்வி ஒரு வேலை செய். இரண்டு அட்டை வெட்டு. ஒன்று 22.6க்கு 15.8 சென்டிமீட்டர், அது ஐபேட் திரை. இன்னொன்று 23.7க்கு 14.8, அது சாம்சங். இரண்டும் 11 இன்ச் என்றுதான் போடுவார்கள், ஆனால் ஒன்று அகலம், ஒன்று நெட்டை. அப்பா படிக்கிற புத்தகத்தின் மேல் வைத்துப் பார். அப்புறம் 500 கிராமுக்குப் பக்கத்தில் வருகிற நோட்டு எதையாவது கொடுத்து நாற்காலியில் உட்காரச் சொல்.

செல்வி: சரி சின்னண்ணா. மாலையில்.

*

செல்வி: அட்டை வைத்துப் பார்த்தோம். நாவலுக்கு இரண்டும் ஒன்றுதான். மலருக்கு அகலமானது நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் பிடிக்க நெட்டையானதுதான் வசதியாம், உள்ளங்கை சுற்றிப் போகிறது.

செல்வி: நோட்டுக்குப் பதில் அப்பாவின் பழைய டைரி கிடைத்தது. 510 கிராம். கொடுத்ததும் படிக்க ஆரம்பித்துவிட்டார், இன்னும் கீழே வைக்கவில்லை.

ரவி: 👍

செல்வி: அதில் 1987ல் ரேடியோவை யார் எடுத்துப் போனது என்று எழுதியிருக்கிறதாம்.

சித்தப்பா: எந்தத் தேதி?

சுமதி: செல்வி படம் எடுத்துப் போடு!!

ரவி: அதெல்லாம் எதற்கு இப்போது.

சுமதி: ஏன் பயப்படுகிறாய்?

அப்பா: எல்லாருக்கும் பங்கு உண்டு. விடுங்கள்.

சித்தப்பா: அண்ணா தேதி மட்டும் சொல்லுங்கள்.

ரவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி: என்ன போட்டு என்ன நீக்கினாய்?

ரவி: ஒன்றுமில்லை. ஆன்லைன் கடையின் கூடையில் 13 இன்ச் கிடந்தது. அதன் இணைப்பு வந்துவிட்டது. எடுத்துவிட்டேன்.

குமார்: இணையத்தில் இப்போதே வாங்க வேண்டாம். ஞாயிறு அன்று அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டையும் கையில் கொடுத்துப் பார்க்கலாம். கடையில் வெளிச்சத்தை முழுதாக வைத்திருப்பார்கள், அதைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். விளக்குக்கு நேரே சாய்த்து எதிரொளிப்பைப் பாருங்கள். இன்னொன்று, வயதானவர்கள் விரல் வறண்டிருந்தால் தொடுதிரை சில நேரம் உணராது. அப்பாவே தொட்டுப் பார்க்க வேண்டும், நீ தொட்டுக் காட்டாதே.

நிவேதா: முன்பக்கக் கேமரா எந்தப் பக்கம் என்றும் பாருங்கள் சித்தி. நீண்ட பக்கத்தின் நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தி வைத்துப் பேசும்போது தாத்தா எங்கேயோ பார்ப்பதாகத் தெரியும்.

செல்வி: மெமரி கார்டு? அப்பாவின் புத்தகம் எல்லாம் கார்டில்தான் இருக்கிறது.

குமார்: ஐபேட்டில் கார்டு போட இடமில்லை. சாம்சங்கில் நான் சொன்ன இரண்டிலும் போடலாம். எஸ்9 என்றால் பேனாவும் கூடவே வரும், ஓரக் குறிப்பு எழுதலாம். அதனால் நான் சாம்சங் பக்கம்தான் சாய்கிறேன்.

நிவேதா: நான் ஐபேட். தாத்தாவுக்குப் பிறகு... சரி வேண்டாம், ஒன்றும் சொல்லவில்லை.

சுமதி: நிவே!!

அப்பா: அவள் கேட்பதில் என்ன தப்பு.

ரவி: எது என்றாலும் சரி. பணம் நான் போடுகிறேன்.

சுமதி: முழுதும் நீ எதற்கு? நால்வரும் போடலாம்.

குமார்: ஆமாம்.

ரவி: எனக்கும் ஏதாவது செய்ய விடுங்களேன்.

செல்வி: பெரியண்ணா, பணம் நால்வரும் போடட்டும். நீங்கள் ஞாயிறு வாருங்கள். கடைக்கு அப்பாவோடு நீங்கள் போங்கள்.

ரவி: பார்க்கிறேன்.

மீனா அண்ணி: வருவார்.

ரவி: வருகிறேன்.

சித்தப்பா: நானும் வருகிறேன். டைரியை எடுத்து வையுங்கள்.

குமார்: செல்வி, அப்பாவின் கணக்கு பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? பழைய டேப்பை இனி திறக்க முடியாது. புதியதில் கணக்கைப் போட்டால்தான் குறிப்புகள், படங்கள் எல்லாம் வரும்.

செல்வி: தெரியாதே. அக்காதான் அப்போது தொடங்கிக் கொடுத்தது.

சுமதி: என் பழைய நம்பரில் போட்டேன் என்று நினைக்கிறேன். ஓடிபி அதற்குத்தான் போகும்.

குமார்: அந்த நம்பர் இப்போது யாரிடம்?

சுமதி: நிவே, அந்த சிம் எந்த போனில் இருக்கிறது?

நிவேதா: எந்த சிம்?