புதுப்பிப்பு: பீளமேட்டில் எழும்பிய ஜெட்டும் விமானியின் கையும்

சிறு ஜெட் ஒன்று கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து எழும்பும் காணொளியில், சக்கரம் தரையில் இருக்கும்போதே விமானி எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலிலிருந்து கையை எடுத்தது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

அலட்சியம் இல்லை, ஒழுங்கு. எழும்புவதைக் கைவிட்டு நிற்க முடிவெடுக்கக்கூடிய கடைசி வேகம் வி1. அதைத் தாண்டிவிட்டால் எஞ்சின் ஒன்று நின்றாலும் பறந்தாக வேண்டும். மிச்ச ஓடுபாதைக்குள் நிற்க முடியும் என்ற உறுதி கிடையாது. பதற்றத்தில் கை விசையைக் குறைத்துவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான். அடுத்து விஆர், அதாவது மூக்கை உயர்த்தத் தொடங்கும் வேகம்: மூக்கை வெடுக்கென்று இழுக்காமல் நொடிக்குச் சுமார் 3 பாகை வீதம் உயர்த்துகிறார்கள். அவசரப்பட்டால் வால் தரையில் உரசும்.

சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து, எழும்பும் முன் ஓடுபாதையில் ஓடும் ஓட்டம் நீளும். கோவை கடல்மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே வேறு; அதனாலும் காற்றின் அடர்த்தி குறையும். நாம் திட்டித் தீர்க்கும் ஆடி மாதப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வீசினால், அதே ஓட்டம் சுருங்கிவிடும்.