பொருள்: செக்யூலர் ஹியூமனிசம் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான ஐரோப்பியச் சிந்தனை வரலாறு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், கடைசி இயலில் சிக்கிக்கொண்டேன். 1766இல் பிரான்சின் அபவீல் நகரில் லா பார் என்ற 20 வயது இளைஞரின் தலையை வெட்டினார்கள். சமய ஊர்வலம் கடந்து போனபோது தொப்பியைக் கழற்றவில்லை, தெய்வத்தைப் பழித்துப் பாடினார் என்பவை குற்றச்சாட்டுகள். உடலை எரித்த தீயிலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்தேரின் மெய்யியல் அகராதியையும் போட்டார்கள். இயல் இங்கே தொடங்கி, சமயத்தின் துணையின்றி மனிதரே அறத்தை வகுக்கலாம் என்னும் செக்யூலர் ஹியூமனிசத்துக்கு வருகிறது. 'மதச்சார்பற்ற மனிதநேயம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ஆர்கனைஸ்டு ரிலிஜனுக்கும் ஒரு சொல் வேண்டும்.
– க.

* * *

மதம், மனிதன் இரண்டுமே வடசொல். மாந்தன் இருக்க மனிதன் எதற்கு? 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்கு' என்று வள்ளுவர் ஆண்ட சொல். இயம் ஈறு சேர்த்து 'மாந்தவியம்' என்று வையுங்கள், பெண்ணியம் நிலைத்துவிட்டதே. செக்யூலரின் மூலம் இலத்தீன் சேகுலும். தலைமுறை, ஊழி, அப்புறம் இவ்வுலகம் என்று பொருள் விரிந்தது. 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்ற தொல்காப்பியரின் உலகியல்தான் இது. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று மக்களோடு நிறுத்தியவரும் அவரே. நன்னூலார்தான் 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்று மற்றவர்களையும் சேர்த்தார். ஆக, உலகியல் மாந்தவியம்.
– வே.

* * *

வே. ஐயா, உலகியல் என்றால் பிள்ளைகள் காசு பணத்தைத்தான் நினைப்பார்கள். மாந்தவியத்தை மானிடவியலோடு குழப்பிக்கொள்வார்கள்.

ஆனால் க. தம்பி, மனிதநேயத்திலும் சிக்கல் உண்டு. போன வாரம் வகுப்பில் அதற்கு எடுத்துக்காட்டு கேட்டேன். அடிபட்டுக் கிடப்பவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்றாள் ஒருத்தி. கோயில் அன்னதானம் என்றான் கடைசி பெஞ்சுப் பையன். இரண்டும் இரக்கம், நல்ல குணம். ஹியூமனிசம் குணம் அல்ல, நிலைப்பாடு. சரி எது, தவறு எது என்று மனிதர்களே தங்கள் அறிவைக் கொண்டு, பிறர் படும் துன்பத்தைக் கண்டு முடிவுசெய்ய முடியும், அதற்கு வேதவாக்கு தேவையில்லை என்கிற நிலைப்பாடு. 'சார்பற்ற' என்பதோ அரசியலமைப்பின் சொல். செக்யூலர் 1976இல் முகப்புரையில் சேர்ந்தது முதல், அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாது என்றே அது நம் காதில் விழுகிறது. லா பாரின் கதையைப் படிக்கிற பிள்ளைக்கு நடுநிலை மட்டும் போதாது.
– தே.

* * *

வே. ஐயா, சொல்லதிகாரத்தின் நான்காம் நூற்பாவிலேயே 'தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவியும்' உயர்திணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். இலக்கணத்தில் கொள்கையைத் தேட வேண்டாம். புறநானூறு 134ஐப் பாருங்கள்: 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்.' மறுமைக்கு உதவும் என்று கொடுப்பவன் அறத்தை விலைபேசுகிறான். சான்றோர் சென்ற வழி என்று கொடுக்கிறான் வள்ளல் ஆய். செக்யூலரின் உயிர் அந்த 'இம்மை'யில் இருக்கிறது. 'இம்மை அறம்' என்பேன்.

ஆர்கனைஸ்டு ரிலிஜனுக்கு 'ஒழுங்கமைக்கப்பட்ட மதம்' வேண்டவே வேண்டாம். 'நிறுவனச் சமயம்' போதும். லா பாருக்குத் தண்டனை விதித்தது மன்னரின் நீதிமன்றம். ஒருவர் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவது வேறு, கும்பிடாதவன் கழுத்துக்குச் சட்டத்தை அனுப்புவது வேறு. அந்த வேறுபாடு நிறுவனம் என்ற சொல்லில் வந்துவிடுகிறது.
– ம.

* * *

நன்றி. 'நிறுவனச் சமயம்' எடுத்துக்கொண்டேன். 'இம்மை அறம்' பிடித்திருக்கிறது, ஆனால் அதில் மனிதரைக் காணோம். தனிமடலில் எழுதிய நால்வரும் 'சமயம் சாரா மனிதநேயம்' போதும் என்கிறார்கள். அதையே அனுப்புகிறேன். புறநானூற்று அடியை இயலின் தலைப்பில் சேர்க்கிறேன்.
– க.

* * *

எனக்கு உடன்பாடில்லை, தம்பி. சாரா என்று விலகி நிற்பதை மட்டும் சொல்கிறது, எதைப் பற்றி நிற்கிறது என்று சொல்லவில்லை. சரி, இயலைப் படி எடுத்து அனுப்புங்கள். வகுப்பில் நடத்தும்போது அந்த அன்னதானப் பையன் என்ன கேட்கிறான் என்று எழுதுகிறேன், இரண்டாம் பதிப்புக்கு உதவும்.
– தே.