நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதினால் தவறு முழுவதும் கார் ஓட்டியவருடையதா?

கேள்வி: குடியாத்தத்து வாசகி

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பு என் தம்பி பெங்களூரிலிருந்து அம்மாவைக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தான். மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே, அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்னதாக, இடது தடத்தில் பழுதாகி நின்றிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் கார் மோதிவிட்டது. லாரியில் ஒரு விளக்கும் எரியவில்லை. பின்னால் பத்தடி தூரத்தில் இரண்டு கருங்கற்களையும் ஒரு புங்கங்கொத்தையும் வைத்திருந்தார்கள், எச்சரிக்கை அவ்வளவுதான்.

தம்பிக்கு விலா எலும்பில் அடி. பின்இருக்கையில் இருந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்து, கட்டைவிரலை மடக்க முடியாமல் போய்விட்டது. அம்மாவுக்கு வயது 58. முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுபவர். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவு அரசுத் திட்டத்தில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆனது எங்கள் கையிருப்பு.

லாரி கிளீனர் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில், "அதிவேகமாக வந்து மோதினார்" என்று தம்பி மீதே எஃப்.ஐ.ஆர். பதிவாகியுள்ளது. பின்னால் வந்து இடித்தவர் மீதுதான் தவறு, எனவே நஷ்டஈடு கேட்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கும் கிடைக்காதா?

பதில்: சத்துவாச்சாரி குமாஸ்தா

அம்மாவுக்குக் கிடைக்கும், சகோதரி. வழக்கறிஞர் அலுவலகத்தில் விபத்து வழக்குக் கட்டுகளோடு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். என்பது முதலில் பேசியவர் சொன்ன கதை. விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது. பொதுச் சாலையில் பிறருக்கு ஆபத்து விளையும் விதத்தில் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு சொல்கிறது. விளக்கும் பிரதிபலிப்பு ஸ்டிக்கரும் எச்சரிக்கை முக்கோணமும் இல்லாமல் இருட்டில் நின்ற லாரிக்கு விபத்தில் பங்கு உண்டு என்பதை நிரூபிக்க முடிந்தால், தம்பியின் பங்குக்கு ஏற்ப அவருடைய இழப்பீடு மட்டுமே குறையும். அம்மா வண்டி ஓட்டவில்லை. இரண்டு ஓட்டுநர்களின் கவனக்குறைவால் மூன்றாமவர் காயப்பட்டால், அவர் முழுத்தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே லாரியின் உரிமையாளரையும் அதன் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். கார் பாலிசி முழுமையான பாலிசியா, கட்டாய மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா என்பதையும் பாருங்கள். பின்னதாக இருந்தால், காரில் பயணித்தவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பணம் வருவது கடினம்.

பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), சம்பவ இடத்து வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய மூன்றின் நகலையும் உடனே பெறுங்கள். லாரியின் பின்விளக்கு வேலை செய்ததா என்பது ஆய்வாளர் அறிக்கையில் ஒரே வரியில் இருக்கும்; பல வழக்குகள் அந்த ஒரு வரியில்தான் நின்றிருக்கின்றன. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்றாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம்.

அம்மாவின் தொழிலை மனுவில் விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். இலையில் தூளை வைத்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்டினால்தான் பீடி உருவாகும். மருத்துவக் குழு மணிக்கட்டைப் பார்த்து 20 சதவீத ஊனம் என்று சான்று தரலாம். ஆனால் அந்தக் கட்டைவிரல் மடங்காவிட்டால் பீடித் தொழிலில் அவருடைய இழப்பு 20 சதவீதமா? ஊனத்தின் அளவு வேறு, அதனால் வருமானம் ஈட்டும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டது. இழப்பைக் கணக்கிட ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள்; 58 வயதுக்குரிய எண் 9. மாதம் ரூ.6,000 வருமானம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.72,000, ஒன்பதால் பெருக்கினால் ரூ.6,48,000. இதில் 20 சதவீதம் என்றால் ரூ.1,29,600. எழுபது சதவீதம் என்று ஏற்கவைத்தால் ரூ.4,53,600. மருத்துவச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் தனி. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பி.எஃப். கணக்குச் சீட்டு, கடையில் இலை வாங்கிய பாஸ்புக் எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

பதில்: முன்னாள் லாரி ஓட்டுநர், ராணிப்பேட்டை

நான் லாரிக்காரன் என்பதால் லாரிக்குப் பரிந்து பேச வரவில்லை. அச்சு முறிந்தால் வண்டியை ஓரங்கட்டவும் வழியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் பத்தடியில் கல் வைப்பது நாங்கள் காலங்காலமாகச் செய்யும் பெரும் தவறு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். ஓட்டுபவர் கண்டு, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே நாற்பது மீட்டர் போய்விடும். நிற்பதற்கு அதற்கு மேலும் ஐம்பது மீட்டராவது வேண்டும். பத்தடியில் கிடக்கும் புங்கங்கொத்து யாருக்கு உதவும்? (பழுது பார்த்துப் புறப்படும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போவதைப் பற்றி எழுதினால் தனி இழையே தேவைப்படும்.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் புறப்படும் ஓட்டுநருக்கு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை கண் திறந்திருக்கும்போதே தூக்கம் வரும். உங்கள் தம்பி எத்தனை மணிக்குப் புறப்பட்டார், வழியில் எங்காவது தேநீருக்கு நிறுத்தினாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்காமல் விடமாட்டார். சாலையில் பிரேக் தடம் இல்லை என்று மகஜரில் எழுதியிருந்தால், அதை வைத்துத் தூங்கிவிட்டார் என்பார்கள். சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உள்ள காரில் பிரேக்கை முழுவதுமாக மிதித்தாலும் அழுத்தமான தடம் விழாது என்பதை உங்கள் வழக்கறிஞர் நினைவில் வைத்திருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பி வாணியம்பாடிக்கு முன்பு தேநீர் குடித்திருக்கிறான். பணம் செலுத்திய விவரம் கைப்பேசியில் நேரத்தோடு இருக்கிறது. மறைக்க விரும்பாத ஒன்றும் உண்டு: அம்மா பின்இருக்கையில் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. இது வழக்கைக் கெடுக்குமா?

பதில்: சத்துவாச்சாரி குமாஸ்தா

பின்இருக்கையிலும் பெல்ட் கட்டாயம்தான் என்பதால் எதிர்த்தரப்பு அதை எழுப்பும்; ஓரளவு தொகையைக் குறைக்கும்படியும் வாதிடும். ஆனால் பெல்ட் அணியாதது விபத்துக்குக் காரணமல்ல. மணிக்கட்டுக் காயம் அதனால்தான் கூடியது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். கேட்டால் உண்மையையே சொல்லச் சொல்லுங்கள். பொய் ஒன்று வெளிப்பட்டால் மற்ற சாட்சியத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

தேநீர்க் கட்டண விவரத்தோடு இன்னொன்றையும் எடுத்து வையுங்கள். வாணியம்பாடி சுங்கச்சாவடியைக் கடந்தபோது வந்த ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் நேரம் இருக்கும். 108-க்கு அழைத்த நேரம் கைப்பேசியில் இருக்கும். இடைப்பட்ட தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் தெரிந்துவிடும். "அதிவேகம்" என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

கேள்வி கேட்டவர்:

கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 70 கி.மீ.யைச் சற்றே தாண்டுகிறது.

பதில்: முன்னாள் லாரி ஓட்டுநர், ராணிப்பேட்டை

மோதிய பிறகு ஓரிரு நிமிடம் கழித்துத்தான் 108-ஐ அழைத்திருப்பார்கள். ஆகவே உண்மையான வேகம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதையும் சேர்த்தே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.