சமிக்ஞைப் பாதையா, குறிப்புத்தடமா?

அன்புள்ள ஐயா, நண்பர்களுக்கும் வணக்கம். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் சேதி புரதம் புரதமாக உள்ளே போகும் வரிசையை ஆங்கிலத்தில் signaling pathway என்கிறார்கள். அதற்கு ‘குறிப்புத்தடம்’ என்று நான் சொன்னதன் மேல் நம் குழுவில் எழுந்த கேள்விகளுக்கு என் விடை இது.

> ‘சமிக்ஞைப் பாதை’ பலருக்கும் பழகிவிட்டது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

தமிழில் ககர மெய்யை அடுத்துக் ககரம் மட்டுமே வரும், ஆகவே ‘க்ஞ’ கூடாது என்று வழக்காட நான் வரவில்லை. என் தயக்கமெல்லாம் ‘பாதை’யின் மேல்தான். குளுக்கோஸ் என்னும் சர்க்கரை, பைருவேட் என்னும் சிறிய மூலக்கூறாகச் சிதைவதைப் பாதை என்றால் பொருந்தும். பத்துப் படிகளிலும் அந்தச் சர்க்கரையின் கார்பன் அணுக்கள்தாம் உருமாறி நடந்து போகின்றன. இன்சுலின் அப்படி நடப்பதில்லை. செல்லின் சவ்வில் உள்ள ஏற்பியைப் பிடிக்கிறது. ஏற்பியின் உட்புறம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அடுத்த புரதம் உணர்கிறது. இப்படியே ஏகேடி என்னும் கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டைப் பொருத்தும் நொதி) வரை போகிறது. சேதி உள்ளே போகிறது. சேதி கொண்டுவந்தவர் உள்ளே வரவேண்டிய தேவை இல்லை.

> அப்படியானால் ‘கைமாற்றுத் தொடர்’ எனலாமே? பாஸ்பேட் கைமாறுகிறதல்லவா?

அழகான சொல், அம்மா. நானும் ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன். ஆனால் கைமாற்று என்றால் கொடுத்த பொருளே அடுத்த கைக்குப் போகவேண்டும். இங்கே ஒவ்வொரு கைனேஸும் தன் பங்குக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றிலிருந்து புதிதாகப் பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தில் பொருத்துகிறது. முன்னதில் ஏறிய பாஸ்பேட், பாஸ்பட்டேஸ் என்னும் நொதி வந்து கழற்றும்வரை அங்கேயே இருக்கிறது. பாக்டீரியாக்களின் ஈருறுப்பு அமைப்பிலோ (உணரும் புரதம் ஒன்று, செயல்படும் புரதம் ஒன்று) பாஸ்பேட்டே ஒரு புரதத்திலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. உங்கள் சொல்லை அதற்கென்று எடுத்துவைப்போம், வீணாகாது.

> ‘தூண்டல் தொடர்’?

இதைத்தான் பலர் ஆதரித்தீர்கள். ஏகேடிக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். டிஎஸ்சி என்னும் புரதக் கூட்டு, ரெப் என்ற சிறு புரதத்தை அடக்கி வைத்திருக்கிறது. ஏகேடி அந்த டிஎஸ்சியை அடக்குகிறது. அடக்கியவன் அடங்கியதும் ரெப் தலைதூக்கி, செல்லின் வளர்ச்சியை ஆளும் எம்டார் என்னும் கைனேஸ் கூட்டினை முடுக்குகிறது. புரத ஆக்கமும் கொழுப்பு ஆக்கமும் கூடுகின்றன, செல் தன் உறுப்புகளைத் தானே செரித்துக்கொள்வது குறைகிறது, செல் பருக்கிறது. பருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதினேன். அளவு கூடுவது வளர்ச்சி, எண்ணிக்கை கூடுவது பெருக்கம். இரண்டையும் ‘வளர்ச்சி’யில் போட்டுக் குழப்புவதை இந்தக் குழுவாவது நிறுத்தட்டும். ஆற்றல் வற்றி, ஏடிபி செலவானபின் மிஞ்சும் ஏஎம்பி மிகுந்தால், அதை உணரும் ஏஎம்பிகே என்னும் கைனேஸ் விழித்துக்கொண்டு அதே டிஎஸ்சியின் கையை வலுப்படுத்துகிறது, எம்டார் ஓய்கிறது. எம்டார் முடுக்கிய எஸ்6கே என்னும் கைனேஸ் கூடச் சும்மா இருப்பதில்லை. திரும்பிப் போய் இன்சுலின் ஏற்பிக்கு அடுத்திருக்கும் புரதத்தைத் தணித்து, தன்னை எழுப்பிய குரலையே அமுக்குகிறது. இதில் பல படிகள் தடுப்பு. அதற்குத் ‘தூண்டல்’ என்று பெயர் வைப்பது எப்படி?

(மூலப் பெயர்களும் பெரிய யோக்கியமில்லை. 1964-65இல் ராபா நூயி (ஈஸ்டர்) தீவில் எடுத்த மண்ணிலிருந்து வந்த மருந்து ராபமைசின். அந்த மருந்து போய்த் தைக்கும் இடம் என்பதுதான் ‘எம்டார்’ என்ற பெயருக்குப் பொருள். அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பது பெயரில் எங்குமே இல்லை.)

ஆகவே ‘குறிப்பு’ என்கிறேன். குறிப்பு ‘செய்’ என்றும் சொல்லும், ‘நிறுத்து’ என்றும் சொல்லும். அதைவிட முக்கியம், குறிப்பின் பொருள் அதைப் பெறுபவரிடம் இருக்கிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள். அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. செல்லும் இதே கதைதான். ஒரே இன்சுலினைத் தசை ‘சர்க்கரையை உள்ளே எடு’ என்று படிக்கிறது; ஈரலோ ‘வெளியே விடாதே’ என்று படிக்கிறது.

‘குறிப்புத்தொடர்’ வேண்டாம், யாரோ எழுதிய குறிப்புகளின் தொகுப்பு என்று தோன்றும். ‘தடம்’ போதும். நடந்து நடந்து விழுவது தடம். செல்லுக்குள் இருப்பதோ ஒரு வலை. அதில் அடிக்கடி மிதிபட்ட வரிசையைத்தான் நாம் தனியே பெயரிட்டு அழைக்கிறோம். குறிப்புத்தடம், குறிப்புப்புரதம், தடத்தடுப்பி என்று கிளைச்சொற்களும் சிரமமின்றி வருகின்றன. signal transduction என்பதற்கான ‘குறிப்புக் கடத்தல்’ மட்டும் குற்றச் செய்தி போல ஒலிக்கிறது, அதை ஒத்திவைக்கிறேன்.

ஏஎம்பிகே குறிப்புத்தடம் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வரிக்குமேல் சொல் உறுத்தவில்லை. தடங்கள் ஒன்றன் பேச்சில் ஒன்று குறுக்கிடுவதற்கு ‘ஊடுபேச்சு’ என்று போட்டிருக்கிறேன். அது எனக்கே திருப்தியில்லை. வேறு இருந்தால் தாருங்கள்.