பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வரவில்லை, பாட்டு வருகிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

கோத்தகிரிவாசி:
அம்மாவுக்கு 67 வயது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து மூன்று மாதம் ஆகிறது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வருவதில்லை. ஆனால் ஹெத்தையம்மன் பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார். வீட்டில் எங்கள் படுகர் மொழியான படுகுதான் பேசுவோம். தினமும் பாட்டு போட்டுக் கேட்கவைத்தால் பேச்சு திரும்புமா? எந்த ராகம் நல்லது?

சுரமும்_சொல்லும்:
ராகத்தைத் தேடி அலையாதீர்கள். கேட்பது மனசுக்கு இதம், அதனால் மட்டும் பேச்சு திரும்பாது. மனப்பாடமான பாட்டு தானாக ஓடும். அதனால் தண்ணீர் கேட்க வாய் வந்துவிடாது. பேசவேண்டிய வாக்கியத்தையே பாட்டாக்க வேண்டும். 1973-ல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் வெளியிட்ட முறை இது. பெயர் மெலடிக் இன்டோனேஷன் தெரபி. புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் தடைப்பட்டவர்களுக்கே பொருந்தும்.

இரண்டே சுரம்: ச, அதற்கு மேல் சாதாரண காந்தாரம். ஆர்மோனியத்தில் ச-வை விட்டு, அடுத்த கட்டையிலிருந்து கறுப்பு வெள்ளை சேர்த்து எண்ணினால் மூன்றாவது கட்டை. சுருதி அம்மாவின் குரலுக்கு இருக்கட்டும். தமிழில் உதாரணம் தருகிறேன், நீங்கள் படுகிலேயே அமையுங்கள்: "தண்ணி வேணும்". தண் மேலே, ணி கீழே, வே மேலே, ணும் கீழே. அசைக்கு ஒரு நொடி. அசைக்கு ஒரு தடவை அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்டுங்கள்.

முதலில் நீங்கள் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகிக் காட்டுங்கள். அப்புறம் சேர்ந்து பாடுங்கள். அடுத்து, சேர்ந்து ஆரம்பித்துப் பாதியில் உங்கள் குரலை விட்டுவிடுங்கள். பிறகு நீங்கள் பாடி முடித்ததும் அவர் தனியே. கடைசியில் "என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வந்த நொடியே டம்ளரைக் கையில் கொடுங்கள். சொல்லுக்குப் பலன் உண்டு என்று தெரிய வேண்டும். எந்தப் படியில் தடுக்கினாலும் முந்தின படிக்குத் திரும்புங்கள்.

பெரும்பாலும் கெடுவது வேகத்தால். ஓட்டினால் நாலு அசையும் உருண்டு ஒன்றாகிவிடும். பக்கத்தில் டிவி ஓடக்கூடாது, ஆளாளுக்கு எடுத்துக்கொடுக்கவும் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோத்தகிரிவாசி:
மிக்க நன்றிங்க. எவ்வளவு நேரம் செய்யணும்? வலது காலும் இழுக்குது.

சுரமும்_சொல்லும்:
பயிற்சியாளர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் 5 நாள் வரை கொடுப்பதுண்டு. வீட்டில் காலை 20, மாலை 20 நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். முகம் சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

தாளக்கட்டு:
காலுக்குத் தாளம் உதவும். பிசியோதெரபிஸ்ட் நடக்கவிட்டிருந்தால் மட்டும் செய்யுங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கிறாங்கன்னு எண்ணுங்க. 60 என்றால் போனில் மெட்ரோனோமை (சீராக டிக் டிக்னு தாளம் தட்டுற ஆப்) 60-ல் வைத்து, ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு அடி. நடை ஒழுங்கானதும் 63. அடி குறுகினால் வேகம் அதிகம்னு அர்த்தம், திரும்ப இறக்குங்க. பாட்டு வேண்டாம், கவனம் வரிகளுக்குப் போயிடும். நம்ம ஊர்ச் சரிவிலும் வீட்டுப் படியிலும் ஆரம்பிக்காதீங்க. சமதளமான தரை போதும். ஒருத்தர் வலது பக்கமாவே, கை எட்டுற தூரத்தில் கூட நடக்கணும்.