மறு: டோன்ஆர்ம் லிஃப்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘ஊசியெடுப்பான்’ எனலாமா?

அன்பர்களே, வணக்கம்.

டோன்ஆர்ம் லிஃப்டருக்கு, அதாவது தட்டு முடிந்ததும் ரிக்கார்டு பிளேயரின் ஊசியைத் தானே தூக்கிவிடும் சிறு கருவிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். சென்ற மாதம்தான் இந்தக் கருவியை அப்பாவின் ரிக்கார்டு பிளேயரில் பொருத்தினேன். அதனால் சொல்லுக்குப் போகும் முன் அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலை தெளிவானால் வந்திருக்கும் சொற்களில் பாதி தாமாகவே விலகிவிடும்.

அப்பாவுக்கு 81 வயது. இரவில் தட்டைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார். எல்.பி. எனும் பெரிய தட்டின் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஊசி கடைசிக் காடியில் மாட்டிக்கொள்ளும். (தட்டில் உள்ள பள்ளத்துக்குத் தச்சர்கள் சொல்லும் ‘காடி’யையே எடுத்துக்கொள்கிறேன்.) அது மூடிய வட்டம், வெளியே வர வழி கிடையாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 நொடி ஆகும். மணிக்குச் சரியாக 2000 சுற்று. ஒருநாள் விடியற்காலை எழுந்து வந்தபோது கூடத்தில் ‘டொக்... டொக்...’ என்று கேட்டது. இரவு பத்தரைக்குள் முடிந்திருக்க வேண்டிய தட்டு. கணக்குப் போட்டால் பதின்மூன்றாயிரம் சுற்றுக்குக் குறையாது. வைர ஊசிதான் என்றாலும் தேயாமல் இருக்குமா? எனக்கு மனசே ஆறவில்லை.

இனி கருவி. கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு உருளை. உள்ளே சுருள்வில், கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். மேலே ஒரு சிறு தாங்கு, பக்கத்தில் மெல்லிய விசைக்கம்பி. தட்டுக்கு வெளியே, ஊசியைச் சுமக்கும் கைக்கு (இதுதான் டோன்ஆர்ம்) அடியில் ஒட்டி வைக்கிறோம். பாட்டு முடிந்து கை உள்நோக்கி நகரும்போது அந்தக் கம்பியைத் தொடும். பூட்டு விடுபடும், வில் தாங்கை மேலே தள்ளும். எண்ணெய் இருப்பதால் அது துள்ளாமல் மெதுவாக எழுந்து கையைத் தட்டிலிருந்து பிரித்துவிடும். அவ்வளவுதான். மோட்டார் நிற்காது, கை தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது.

> ‘தட்டுநிறுத்தி’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான், ஆனால் தட்டு நிற்பதில்லையே ஐயா. ஊசி எழுந்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இந்தப் பெயரை நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

> ‘முள்வாங்கி’ என்ற பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாம்.

சொல் அழகு. ஆனால் காலில் தைத்த முள்ளைப் பிடுங்க நம் பாட்டிமார் சாவிக்கொத்தோடு கோத்து வைத்திருந்த கருவிக்கு அந்தப் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைப் பறித்து இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

> தானியங்கி ஒலிக்கை உயர்த்தி

பொருள் குறையில்லாத சொல். அகராதியில் நிற்கும், வாயில் நிற்காது. மேலும், ஆங்கிலம் பேசுகிறவர்களே இதற்கு ஒரே பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஆடியோ-டெக்னிக்கா தன் கருவிக்குச் ‘சேஃப்டி ரெய்சர்’ என்று பெயரிட்டது. நார்வேயிலிருந்து வருகிற ஒன்றுக்கு ‘லிட்டில் ஃப்வெண்ட்’, அதாவது குட்டி நண்பன் என்று மழலையில் பெயர். அப்படியிருக்க, டோன்ஆர்ம் லிஃப்டர் என்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்க்க நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

‘ஊசிதூக்கி’தான் எனக்கு மிக நெருங்கி வந்தது. சுமைதாங்கி, இடிதாங்கி போல நடுவில் வல்லினம் மிகாமல் இயல்பாக அமைகிறது. ‘ஊசித்தூக்கி’ என்று எழுத வேண்டுமா என்று கேட்டவருக்கு இதுவே பதில்: வேண்டாம். ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ‘ஊசிதூக்கி வைத்தேன்.’ கருவியை வைத்தேனா, ஊசியைத் தூக்கி வைத்தேனா? மின்தூக்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை, மின்சாரத்தை யாரும் தூக்கி வைப்பதில்லை. ‘கைதூக்கி’க்கோ இன்னும் பெரிய இடைஞ்சல். கைதூக்கி விடுவது என்றால் நமக்கு வேறு பொருள்.

சரி, நான் சொல்ல வந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் மைக் செட் வரும். வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, திண்ணையில் பிளேயரை வைத்து, பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைப்பார்கள். அவனுக்கு வேலையே தட்டு மாற்றுவதுதான். அவன் கொஞ்சம் கண் அசந்தால் குழாயில் கரகரவென்று சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். உடனே பந்தலிலிருந்து ஒரு குரல் வரும்: ‘டேய், ஊசிய எடுடா!’ கையைத் தூக்கு என்றோ, முள்ளை உயர்த்து என்றோ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தட்டு முடிந்தால் தமிழில் ஊசியை எடுப்பார்கள். அந்தப் பையன் செய்த வேலையைத்தான் இந்தக் கருவி செய்கிறது. ஆகவே ஊசியெடுப்பான்.

தெளிப்பான், அழிப்பான் என்ற வழியில் அமைந்த சொல். ‘தூக்கி’யில் வந்த வினையெச்சக் குழப்பம் இதில் இல்லை. ‘எடு’ என்பதற்கு உயர்த்து என்ற பொருளும் பழையது. குன்றெடுத்தான் என்றால் மலையைத் தூக்கியவன்தானே. கருவி தொடுவது கையை, ஊசியை அல்ல என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. ஆனால் தட்டை விட்டுப் பிரிவது ஊசி. கருவி எதைத் தொடுகிறது என்பதைவிட எதற்காக இருக்கிறது என்பதே பெயரில் ஒலிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘தானியங்கி’ என்ற அடையும் தேவையில்லை. பிளேயரிலேயே விரலால் இயக்கும் நெம்பு ஒன்று இருக்கிறதல்லவா, அதை ‘ஊசிநெம்பு’ என்று பிரித்துவிட்டால் போதும்.

டோன்ஆர்முக்குத் ‘துலாக்கை’ என்று இலங்கை அன்பர் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பின்னால் எடை, நடுவில் அச்சு, முன்னால் ஊசி: கிணற்றுத் துலாவேதான். அதை நான் இன்றிலிருந்தே எழுதப்போகிறேன்.

பொருத்துவது எப்படி என்று கேட்டவர்களுக்கு: முதலில் மோட்டாரை அணைத்துவிட்டு, பாட்டு முடிந்த இடத்தில் ஊசியை வையுங்கள். அங்கே துலாக்கையின் அடிப்பகுதிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தாங்கு கீழே இருக்கும்போது கையில் படாதபடி உயரத்தைத் திருகி வையுங்கள். விசைக்கம்பி மிக இலேசான தொடுதலிலேயே விடுபட வேண்டும். ஊசி தட்டை அழுத்துவதே இரண்டு கிராம் அளவில்தான். கம்பி முரண்டு பிடித்தால் ஊசி காடியின் சுவரில் உரசும். 12 அங்குல எல்.பி.யில் பாட்டு ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உள்ளே போகாது, மூடிய காடி 106 அளவில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கம்பி விடுபட்டால் சரி. ஆனால் 7 அங்குலத் தட்டில் பாட்டே 108 வரை போகும். எல்.பி.க்கு வைத்த இடத்தில் அதைப் போட்டால் பாட்டு முடியும் முன் ஊசி எழுந்துவிடலாம். நான் இரண்டு தடவை பிரித்து ஒட்டிய பிறகு 110க்குக் கொஞ்சம் உள்ளே வைத்தேன். அப்பாவிடம் சின்னத் தட்டுகள் குறைவு, அவற்றை அவர் விழித்திருக்கும்போதே கேட்பார்.

சொல்லில் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, மைக் செட் வைத்திருந்த குடும்பத்தினர் யாராவது இருந்தால், உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொன்னார்கள் என்று அறிய ஆவல்.

அன்புடன்.