கொம்பியூட்டருக்குள் ஒரு போன்: பட்ட பாடு

கல்லடியிலிருந்து:

என் போன் திரை உடைந்து கிடந்த நேரம் பார்த்துத்தான் அப் எழுதப் பழகத் தொடங்கினேன். நிற்கிற இடத்திலிருந்து மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டை, கல்லடிப் பாலம் எல்லாம் எவ்வளவு தூரம் என்று காட்டுகிற சின்ன அப். "போன் எதுக்கு? அப் எழுதுற அன்ட்ரொயிட் ஸ்டூடியோவுக்குள்ளேயே எமுலேட்டர் இருக்கே, கொம்பியூட்டர் திரையில ஓடுற போலிப் போன்" என்றான் மச்சான்.

சொன்னவனுக்கு லேசு. இரவு டேட்டாவில் இரண்டு நாள் கண் முழித்து ஸ்டூடியோவையும், அந்தப் போலிப் போனுக்கான அன்ட்ரொயிட் அடங்கிய சிஸ்டம் இமேஜையும் இறக்கினேன். ஸ்டூடியோவின் டிவைஸ் மெனேஜரில் ஒரு பிக்சல் போனைத் தெரிந்து ஓடவிட்டால், ஹார்ட்வெயார் அக்சலரேஷன் (எமுலேட்டரை வேகமாக ஓட்ட சிபியூ கொடுக்கிற உதவி) இல்லையாம், எழும்பவே மாட்டேன் என்றது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே கதை. பழைய வீடியோ ஒன்றில் அதற்கு ஹெக்ஸம் என்ற இன்டெல் மென்பொருளைப் போடச் சொன்னார்கள். அதை இன்டெல் 2023இலேயே கைவிட்டுவிட்டது. அதில் ஒரு பின்னேரம் போனது.

கடைசியில் டாஸ்க் மெனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியூவைப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் 'வர்ச்சுவலைசேஷன்: டிசேபிள்ட்'. ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொன்றை ஓட்ட சிபியூவில் இருக்கிற வசதி அது, நிறுத்தி வைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்! பயோஸுக்குள் (வின்டோஸ் எழும்ப முன் வருகிற செட்டிங்ஸ்) போய் அதை எனேபிள் செய்து, வின்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபோமுக்கும் சரி போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். போன் எழும்பியது. ஏஎம்டி சிபியூ வைத்திருக்கிறவர்கள் பயோஸில் அதே வசதிக்கு எஸ்விஎம் என்ற பெயரைத் தேடுங்கள்.

அப்பைத் திறந்தால், கல்லடிப் பாலத்துக்கு 14 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்! கணக்கில் பிழையாக்கும் என்று எழுதிய கோடிங்கையே இரண்டு மணித்தியாலம் துருவினேன். பிழை அதிலில்லை. எமுலேட்டர் போன் பிறக்கும்போதே கலிஃபோர்னியாவில், கூகுள் தலைமையகத்தடியில்தான் நிற்கும். பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, லொக்கேஷனில் நாங்கள்தான் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அகலக்கோடு 7.72ஐயும் நெடுங்கோடு 81.71ஐயும் மாறிக் கொடுத்துவிட்டேன். போன் வடதுருவத்துக்குக் கிட்ட ஐஸ் கடலுக்குள் போய் நின்றது. பிறகு சரியாகப் போட்ட பிறகுதான் வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தது.

கல்முனையிலிருந்து:

அண்ணா, நீங்கள் இரண்டு மணித்தியாலம், நான் ஒரு முழு நாள். வாப்பாவின் கடைக்கு ஓடர் எடுக்கிற அப் எழுதினேன். ஓடர்களை வாங்கி வைக்கிற சேர்வர் என் லாப்டொப்பிலேயே ஓடுகிறது, பிரவுசரில் திறந்தால் வருகிறது, எமுலேட்டரில் மட்டும் 'கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்'. ஃபயர்வோலைக்கூட நிறுத்திப் பார்த்தேன்.

அப்பில் சேர்வரின் முகவரியை 127.0.0.1 என்று எழுதியதுதான் வினை. எமுலேட்டருக்குள்ளிருந்து அந்த இலக்கத்தைக் கூப்பிட்டால் அந்தப் போன் தன்னையேதான் கூப்பிடும். கொம்பியூட்டரைக் கூப்பிட 10.0.2.2. இப்போது கொப்பி மட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். (உண்மையான போனை வயரில் கொழுவினால் இந்த இலக்கம் சரிவராது.)

அக்கரைப்பற்றிலிருந்து:

என்னுடையது 8 ஜிபி ரேம். ஸ்டூடியோ, எமுலேட்டர், பிரவுசர் மூன்றும் ஒன்றாகத் திறந்தால் ஃபேன் போடுகிற சத்தத்துக்கு உம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்ப்பா. ஒருநாள் கரண்ட் போய் டெஸ்க்டொப் படக்கென்று நின்றது. அதற்குப் பிறகு எமுலேட்டர் கறுப்புத் திரையோடு அப்படியே. மூடும்போது இருந்த நிலையைச் சேமித்து வைத்து அதிலிருந்துதான் எழும்பும், அந்தச் சேமிப்பு பழுதாகிவிட்டது போல. டிவைஸ் மெனேஜரில் 'கோல்ட் பூட்' கொடுத்தேன், அந்தச் சேமிப்பை விட்டுவிட்டு முதலிலிருந்து எழும்பும். மெதுவாக எழும்பியது, ஆனால் எழும்பியது. போட்டிருந்த அப்களும் அப்படியே இருந்தன. 'வைப் டேட்டா'வில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், எல்லாம் போய்விடும்.

கல்லடியிலிருந்து:

தங்கச்சி, அந்த வைப் டேட்டாவை நான் நேற்றுத்தான் அழுத்தினேன். போன் திரும்பவும் கலிஃபோர்னியாவில்.